டம்ளருக்குள் என்ன இருக்கிறது? பசும்பாலும் தாவரப் பால்களும்

(மதுரையில் பொதுமக்களுக்காக உணவியலாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வேலை நாள் சாயங்காலத்தில் சமையலையும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். நன்றி.

'பசும்பால் நல்லதா, பாதாம் பால் நல்லதா?' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பேன்: யார் குடிக்கப் போகிறார்கள்? பாலை எதற்காக நிறுத்துகிறீர்கள்? நிறுத்தினால், இத்தனை நாள் பாலிலிருந்து கிடைத்தது இனி எங்கிருந்து வரும்? இந்த மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வருவதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

தாவரப் பால் நமக்குப் புதிதில்லை. இந்த ஊரில் சாயங்காலம் தெருமுனையில் நின்று பருத்திப்பால் குடிக்காதவர்கள் யார்? பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்து, அரிசி மாவும் வெல்லமும் சுக்கும் போட்டுக் கொதிக்கவைத்து, மேலே தேங்காய்த் துருவலைத் தூவிக் கொடுப்பார்கள். ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால், குழந்தைக்குக் கேழ்வரகுப் பால் என்று வீட்டிலும் பிழிந்துகொண்டுதான் இருக்கிறோம். அவையெல்லாம் தனித்தனிப் பண்டங்கள். பசும்பாலுக்குப் பதிலாக யாரும் அவற்றைக் குடிக்கவில்லை. 'அதை நிறுத்து, இதைக் குடி' என்ற பேச்சுதான் புதிதாக வந்திருக்கிறது. அதனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் பசும்பால். சாதாரண நீல நிற ஆவின் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம். அதில் 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் குடித்தால் புரதம் 6 கிராமுக்கு மேல் கிடைக்கிறது. கால்சியம் ஏறக்குறைய 240 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. அதில் கால்வாசியை இந்த ஒரு டம்ளர் கொடுத்துவிடுகிறது. கூடவே வைட்டமின் பி12. இறைச்சி, மீன், முட்டை எதுவும் சாப்பிடாத குடும்பங்களில் பி12 வரும் வழி அநேகமாகப் பாலும் தயிரும் மோரும்தான். ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம். எடை கூடியவர்களும் கொலஸ்ட்ரால் இருப்பவர்களும் பால் குடிப்பதையே நிறுத்துவதற்கு முன்னால் பாக்கெட்டின் நிறத்தை மாற்றிப் பாருங்கள்.

இனி தாவரப் பால்கள். எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைக்கிறோமே தவிர, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சத்தில் சம்பந்தமே இல்லை.

பாதாம் பாலை எடுத்துக்கொள்வோம். டீக்கடையில் மஞ்சளாகச் சூடாகக் கிடைப்பதைச் சொல்லவில்லை. அது சர்க்கரையும் பாதாம் பொடியும் போட்ட மாட்டுப்பால்தான். நான் சொல்வது சூப்பர் மார்க்கெட்டில் அட்டைப் பெட்டியில் வருவது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது பெட்டியைத் திருப்பி, பின்பக்கம் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். பல பிராண்டுகளில் பாதாம் 2, 3 சதவீதம்தான் இருக்கும். ஒரு லிட்டருக்கு 20, 30 கிராம். உங்கள் டம்ளருக்குக் கணக்குப் போட்டால் நாலைந்து பாதாம் பருப்பு. மீதி தண்ணீர், கெட்டியாகத் தெரிவதற்காகச் சேர்க்கிற பசை, உப்பு, சில பிராண்டுகளில் சர்க்கரை. ஒரு டம்ளரில் புரதம் 1 கிராமை ஒட்டித்தான் இருக்கும். ஆவின் பாலைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து அதை வாங்குகிறோம். அந்த நாலைந்து பாதாமை ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் மென்று சாப்பிட்டால் நார்ச்சத்தும் முழுதாகக் கிடைக்கும், செலவும் குறையும். கலோரி குறைவாக வேண்டும் என்பவர்களுக்குச் சர்க்கரை சேர்க்காத பாதாம் பானம் உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் வளரும் பிள்ளைக்குச் சத்து என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

ஓட்ஸ் பால் ஸ்வீடனில் பிறந்தது. 1990களில் அங்கே லுண்ட் பல்கலைக்கழக ஆய்விலிருந்து வந்த முறை அது. ஓட்ஸை அரைத்துத் தண்ணீரில் கலந்து நொதியைச் சேர்ப்பார்கள். அந்த நொதி ஓட்ஸின் மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக்கிவிடும். தனியாகச் சர்க்கரை போடாமலே அது இனிப்பதற்கு இதுதான் காரணம். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று முன்பக்கம் போட்டிருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் நீரிழிவு உள்ளவர்கள் பின்பக்கத்தில் 'மொத்தச் சர்க்கரை' என்ற வரியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். புரதம் பசும்பாலில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும்.

தேங்காய்ப்பாலில் புரதம் மிகக் குறைவு. வீட்டில் பிழிகிற முதல் பாலில் நிறைவுற்ற கொழுப்பு மிக அதிகம். ஆப்பத்துக்கு ஊற்றிக்கொள்ளுங்கள், தினசரி டம்ளருக்கு அது வேண்டாம். அரிசிப் பாலில் கனிம ஆர்சனிக் என்ற நஞ்சு இருப்பதால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்று பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை சொல்கிறது.

மிஞ்சுவது சோயா. புரதத்தின் அளவிலும் தரத்திலும் பசும்பாலுக்குப் பக்கத்தில் நிற்பது இது ஒன்றுதான். 2020இல் வெளியான அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி, கால்சியமும் வைட்டமின்களும் சேர்த்த சோயா பானத்தை மட்டும்தான் பால் வகையில் சேர்த்தது. மற்ற தாவரப் பால்களைச் சேர்க்கவில்லை. சோயா குடித்தால் ஆண்களுக்குப் பெண் தன்மை வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஆண்களிடம் நடந்த பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், சோயாவால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறையவில்லை. தைரியமாகக் குடிக்கலாம்.

பெட்டிகளில் வருகிற பானங்களில் கால்சியத்தைப் பொடியாகத்தான் கலக்கிறார்கள். அது அடியில் தங்கிவிடும். நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் தெளிந்த நீர் உங்களுக்கும், கால்சியம் குப்பைத் தொட்டிக்கும் போகும். கால்சியமே சேர்க்காத பிராண்டுகளும் உண்டு. அவற்றை எவ்வளவு குலுக்கினாலும் பயனில்லை.

சரி, பாலை யார் நிறுத்த வேண்டும்? பால் குடித்தால் வயிறு உப்பும், கடமுடா என்று சத்தம் போடும், பேதியாகும் என்று பலர் சொல்கிறார்கள். அது கற்பனை இல்லை. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி, தாய்ப்பால் பருவம் முடிந்த பிறகு பெரும்பாலான மனிதர்களுக்குக் குறைந்துவிடுகிறது. பெரியவர்களான பிறகும் அதைச் சுரக்கவைக்கிற மரபணு மாற்றம் நம் நாட்டில் வடமேற்கே அதிகம். தெற்கே வர வர குறைவு. பஞ்சாபியர் பெரிய லோட்டா நிறையக் குடிக்கிற பாலை நம்மில் பலருக்கு வயிறு ஏற்காததில் ஆச்சரியமில்லை. அதற்காகப் பாலையே கைவிட வேண்டும் என்றும் இல்லை. லாக்டேஸ் குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ் வரை தாங்குவார்கள். ஒரு டம்ளர் பாலில் இருப்பது சுமார் 10 கிராம். வெறும் வயிற்றில் குடிக்காமல் சாப்பாட்டோடு குடியுங்கள். ஒரே மூச்சில் குடிக்காமல் பிரித்துக் குடியுங்கள். அதுவும் ஒத்துவரவில்லையா, தயிருக்கு மாறுங்கள். உறையில் உள்ள பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. மீதியைக் குடலிலும் உடைக்க உதவுகிறது. கால்சியமும் புரதமும் அப்படியே கிடைக்கின்றன, பி12ம் கிடைக்கிறது. இந்த வெயில் ஊரில் நம் பாட்டிமார்கள் பாலைவிடத் தயிரையும் மோரையும் அதிகம் பரிமாறினார்கள். நம் உடம்புக்கு அது மிகப் பொருத்தமான வழக்கம்.

பால் ஒவ்வாமை வேறு, இதோடு அதைக் குழப்பக் கூடாது. அது பாலின் புரதத்துக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு. பெரும்பாலும் கைக்குழந்தைகளுக்கு வரும். பால் கொடுத்ததும் உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, மலத்தில் ரத்தம் என்று இருந்தால் உடனே குழந்தை மருத்துவரிடம் போங்கள். 'ஆட்டுப்பால் கொடு, சரியாகிவிடும்' என்பார்கள். கொடுக்காதீர்கள்; இரண்டு பாலின் புரதமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

குழந்தைகள் பேச்சு வந்ததால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். 2001இல் அமெரிக்காவில் அட்லாண்டா மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். 22 மாத ஆண் குழந்தை. தோலில் எக்சிமா, பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் நினைத்துக்கொண்டு அரிசிப் பானத்துக்கு மாற்றிவிட்டார்கள். குழந்தை தினமும் ஒன்றரை லிட்டர் அளவுக்கு அதையே குடித்தது. மருத்துவமனைக்கு வரும்போது அதற்குக் குவாஷியோர்கர் இருந்தது: புரதம் இல்லாமல் உடம்பு வீங்கும் நோய். பஞ்சம் வந்த நாடுகளில் பார்க்கிற நோய் அது. அந்த வீட்டில் வறுமை இல்லை. பெற்றோர் நன்கு படித்தவர்கள், அக்கறையுள்ளவர்கள், குழந்தையை ஒழுங்காக மருத்துவரிடம் காட்டிக்கொண்டும் இருந்தார்கள். பெட்டியில் பால் போல வெள்ளையாக இருந்தது. பாலின் சத்து அதில் இருக்கும் என்று நம்பினார்கள். அவ்வளவுதான் நடந்தது.

அதனால் தாய்மார்களே, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். ஒரு வயது வரை பசும்பாலைக்கூட முக்கிய உணவாக்க வேண்டாம். அதில் இரும்புச்சத்து போதாது, குழந்தைக்கு ரத்தசோகை வரும். தாவரப் பால் எதுவும் தாய்ப்பாலுக்கு ஈடாகாது. ஒரு வயதுக்கு மேல் பசும்பால் முடியாத குழந்தைக்கு என்ன கொடுப்பது என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள், யூடியூபோடு அல்ல.

பெரியவர்களுக்கு ஒன்று. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் பி12 குறைய வாய்ப்பு உண்டு. அவர்கள் சைவமாகவும் இருந்து, சர்க்கரை ஏறும் என்ற பயத்தில் பாலையும் நிறுத்திவிட்டால், இரண்டு பக்கமும் அடைபட்டுப்போகும். காலில் மதமதப்பு, தள்ளாட்டம், மறதி எல்லாவற்றையும் 'சுகர்தான் காரணம்' என்று விட்டுவிடாமல் ஒரு முறை பி12 பரிசோதித்துப் பாருங்கள். சர்க்கரை ஏறுமோ என்று பயந்தால் காபி டம்ளரில் முதலில் குறைக்க வேண்டியது அந்த இரண்டு ஸ்பூன் சீனிதான்.

பசும்பாலின் கறையையும் சொல்லியாக வேண்டும். 2018இல் நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. யூரியா, டிட்டர்ஜென்ட் என்று நாம் பயப்படுகிற கலப்படம் கிடைத்தது 12 மாதிரிகளில்தான். ஆனால் அஃப்ளடாக்சின் எம்1 என்ற நஞ்சு அளவுக்கு மீறி இருந்தவை 368. அதில் அதிகம் தமிழ்நாட்டில்: 551 மாதிரிகளில் 88. இது யாரும் வேண்டுமென்று கலப்பதில்லை. மழைக்காலத்தில் ஈரம் பட்ட கடலைப் பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சை பிடிக்கிறது. மாடு அதைத் தின்கிறது. ஒரே நாளில் நஞ்சு பாலில் இறங்கிவிடுகிறது. நாம் எத்தனை கொதி விட்டாலும் அது அழியாது. ஈரலுக்குக் கெடுதல் செய்வது. ஆனால் தீவனத்தை மாற்றினால் சில நாட்களில் பால் சுத்தமாகிவிடும். அதனால் மாடு வைத்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: பச்சை பூத்த பிண்ணாக்கைக் காயவைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள், எறிந்துவிடுங்கள். பால் கூட்டுறவுச் சங்கங்கள் கொழுப்பைச் சோதிப்பது போல இந்த நஞ்சையும் தவறாமல் சோதிக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். தாவரப் பாலுக்கு மாறினால் தப்பிக்கலாமா? பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் பால் எடுத்தால் அதிலும் அதே குடும்பத்து நஞ்சு வரும்.

உயிர்களுக்கு இரங்கிப் பாலை விட்டவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் முடிவை முழுமனதோடு மதிக்கிறேன். உங்கள் உடம்பு கெடக் கூடாது என்பதும் என் ஆசை. பி12ஐ மாத்திரையாக எடுத்தே ஆக வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. கால்சியத்துக்குக் கேழ்வரகு, தோல் நீக்காத எள், முருங்கைக்கீரை. பாலக் கீரையில் கால்சியம் இருந்தாலும், அதிலேயே உள்ள ஆக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பில் சேர்வது 5 சதவீதத்தை ஒட்டித்தான். பாலில் அது 30 சதவீதம்.

சோயா பாலை வீட்டிலேயே எடுக்கலாம். 100 கிராம் சோயா பீன்ஸை இரவு ஊறவைத்து, தோலைக் கசக்கி எடுத்துவிட்டு, கொதிநீர் ஊற்றி அரையுங்கள். கொதிநீரில் அரைத்தால் அந்தப் பச்சை வாடை பெரும்பாலும் போய்விடும். வடிகட்டினால் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அடுப்பில் வைத்ததும் சீக்கிரமே நுரைத்துப் பொங்கும். கொதித்துவிட்டது என்று இறக்கிவிடாதீர்கள், அது பொய்க் கொதி. தீயைக் குறைத்து, கிளறிக்கொண்டே இன்னும் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். பச்சை சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் ஒன்று உண்டு. அது சூட்டில்தான் அழியும். இப்படி எடுத்த பாலில் புரதம் உண்டு, கால்சியம் குறைவு. ஆகவே கேழ்வரகும் எள்ளும் தட்டில் இருக்கட்டும்.

கேள்விகளுக்குப் போகும் முன் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் மாத்திரையை வாயில் போட்டுக் காபியோடு விழுங்குகிறவர்கள் நிறையப் பேர். பசும்பால் காபியானாலும் சோயா பால் காபியானாலும் மருந்து சரியாக உடம்பில் சேராது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுக்கொண்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்தப் பாலுக்கும் தாமாக மாறாதீர்கள். பழுதான சிறுநீரகம் வெளியேற்றச் சிரமப்படும் பாஸ்பரஸ் பசும்பாலில் இருக்கிறது. பெட்டிப் பானங்கள் பலவற்றிலும் பாஸ்பேட் உப்பு சேர்க்கிறார்கள். உங்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் அந்தப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள், இரண்டையும் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள்.