டிகிரிக்கு அப்புறம் என்ன?

மதுரை வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். பெண் கல்வி பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறவள், அதனால் படிப்பைவிட, படிப்பு முடிந்ததற்கு அடுத்த மாதம் என்ன நடக்கிறது என்பதைத்தான் பேசப் போகிறேன். நம் பிள்ளைகள் இன்றைக்குக் காணாமல் போவது அங்கேதான்.

படிக்கவைப்பதில் மதுரை சோடைபோன ஊர் இல்லை. 1948-ல் லேடி டோக், 1953-ல் பாத்திமா, 1965-ல் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி என்று வந்து, பேத்தி படிக்கிற கல்லூரியிலேயே பாட்டியும் படித்திருக்கிற வீடுகள் இங்கே உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் மேலே படித்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், 2022 செப்டம்பரிலிருந்து கிடைக்கிறது. ஜெராக்ஸுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் அப்பாவிடம் கை நீட்டாமல் படிக்கிற பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன், அது சின்ன விஷயமே இல்லை.

சரி, டிகிரி வாங்கியாச்சு. உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, நன்றாகப் படித்தவள், டவுனில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலைக்குச் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதா மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும், அதற்கு முந்தைய நாலைந்து நாள் ஆபீஸை விட்டுக் கிளம்ப எட்டு மணியாவது ஆகும். பெண்களுக்கு இலவசப் பயணம் 2021-லிருந்து இருக்கிறது, ஆனால் அது சாதாரண டவுன் பஸ்ஸில் மட்டும்தான். ஊருக்குப் போகிற டவுன் பஸ் அந்த நேரத்துக்குள் போய்விட்டால் அவள் காசு கொடுத்து வெளியூர் பஸ்ஸில் ஏறி, செக்கானூரணியில் இறங்கி, அங்கிருந்து அப்பாவோ தம்பியோ டூவீலரில் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு மாதம் வருவார்கள், இரண்டு மாதம் வருவார்கள். அப்புறம் தெருவில் யாராவது "என்ன, பொண்ணு இந்நேரத்துக்கு வருது?" என்று கேட்பார்கள். அவ்வளவுதான், வேலை போச்சு. வேலை செய்யத் தெரியாமலா போனது? ஒன்பது மணிக்கு ஒரு பஸ் இருந்திருந்தால் அவள் இன்றைக்கும் வேலையில் இருந்திருப்பாள்.

டவுனிலேயே தங்கலாமே என்று கேட்கலாம். தொடக்கச் சம்பளத்தில் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்தது போக வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சும்? வேலைக்குப் போகிற பெண்களுக்காக அரசு சில ஊர்களில் நடத்துகிற தோழி விடுதி மாதிரி, நம் ஊரில் பஸ் ஸ்டாண்டுகளுக்குப் பக்கத்திலேயே இன்னும் நிறைய வர வேண்டும்.

ஜவுளிக்கடை, நகைக்கடைப் பிள்ளைகளுக்கு வேறு கஷ்டம். காலையிலிருந்து ராத்திரி வரை நின்றே வேலை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. மாசி வீதிகளில் துணி எடுக்கப் போகும்போது கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று கொஞ்சம் எட்டிப் பாருங்கள், இல்லையென்றால் முதலாளியிடம் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால்தான் அவர் காதில் ஏறும்.

குழந்தை பிறந்த பிறகு இன்னும் சிக்கல். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல சட்டம்தான், ஆனால் மதுரையில் முக்கால்வாசி பத்துப் பேர், இருபது பேர் வேலை பார்க்கிற இடங்கள், அவற்றுக்கு இது பொருந்தாது. அங்கன்வாடி சாயங்காலமே மூடிவிடும். ஒரே தெருவில் இருக்கிற கடைக்காரர்கள், அவர்கள் சங்கம் மூலமாகவே சேர்ந்து ஒரு காப்பகம் நடத்தினால் என்ன? சங்கத்தில் எவ்வளவோ செலவு செய்கிறார்களே.

இன்னொன்று, வேலையே மாறிக்கொண்டிருக்கிறது. பில்லைப் பார்த்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது மட்டும் தெரிந்தால் இனிமேல் போதாது, அதை மென்பொருளே செய்துவிடுகிறது. கணக்கில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கவும், எதிரில் இருக்கிறவரிடம் அதைத் தைரியமாகச் சொல்லவும் தெரிய வேண்டும். குரூப் 4 எழுதுகிறேன் என்று வருடக்கணக்கில் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே, எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள், ஏனென்றால் சும்மா இருக்கிற பிள்ளைக்குத்தான் மாப்பிள்ளை சீக்கிரம் வருகிறார்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற அப்பாக்களுக்கும் அண்ணன்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை கூடும்போது பஸ் நேரத்தைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். வேலைக்குப் போகிற பெண்கள் எத்தனை பேர், எந்த நிறுத்தத்தில் இறங்குகிறார்கள், எத்தனை மணிக்கு பஸ் வேண்டும் என்று மூன்றையும் எழுதி, அந்தப் பெண்களிடமே கையெழுத்து வாங்கி, போக்குவரத்துக் கழகத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்புங்கள். நன்றி, வணக்கம்.