காக்கையா, பனம்பழமா?

நடுவர் அவர்களே, வணக்கம். 'பாடகரை வளர்ப்பது விளம்பரமா, உழைப்பா?' என்ற தலைப்பில் விளம்பரமே என்று பேசி அமர்ந்த எதிரணித் தோழி, கனடாப் பாடகி லெஸ்லி ஃபைஸ்டைச் சாட்சிக்கு அழைத்தார். யாருக்கும் தெரியாமல் இருந்தவராம். 2007இல் ஆப்பிளின் பாட்டுக் கேட்கும் கருவியான ஐபாட் நானோவின் விளம்பரத்தில் 'ஒன் டூ த்ரீ ஃபோர்' பாட்டு வந்ததும் உலகப் புகழாம். நல்ல சாட்சிதான். குறுக்கு விசாரணை செய்ய எனக்கும் உரிமை உண்டல்லவா?

யாருக்கும் தெரியாதவருக்கா 2005லேயே கனடாவின் இசை விருதான ஜூனோ, அதுவும் இரண்டு? அதில் ஒன்று புதுமுகத்துக்கான விருது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் புதுமுகத்தின் முதல் ஆல்பம் வந்தது 1999இல்! மேடை ஏறியதோ அதற்கும் முன்பு, பள்ளி வயதில், கனடாவின் கால்கரி நகரில், 'பங்க்' என்ற ஆவேச ராக் இசைக் குழு ஒன்றோடு. கத்திக் கத்தித் தொண்டை கெட்டது. குரல் போனால் பாடகிக்கு மிச்சம் என்ன? டொராண்டோவுக்குப் போனார். வேறொருவர் குழுவில் கிடார் வாசித்தார். அப்புறம் 'ப்ரோக்கன் சோஷியல் சீன்' என்ற பெருங்கூட்டமான இசைக்குழுவில் பல குரல்களில் ஒரு குரலாக நின்றார். அன்று கத்திய தொண்டைதான் பின்னால் அந்த மெல்லிய, ஓரம் லேசாகக் கரகரத்த குரலைத் தந்தது. அதற்கு எந்தக் கம்பெனி விளம்பரம் கொடுத்தது?

விளம்பரத்தால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுத் தரவரிசையில் 8ஆம் இடம் வரை ஏறியது. அதை முதலில் எழுதியவர் ஆஸ்திரேலியாவின் சாலி செல்ட்மன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. தோழி காக்கைக்கு மாலை போடுகிறார். பழம் பழுக்க எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்கவே இல்லை.

சரி, விளம்பரம்தான் வளர்த்தது என்றால் அடுத்து அவர் 'ஃபைவ் சிக்ஸ் செவன் எய்ட்' என்று ஒரு பாட்டுப் போட்டிருக்க வேண்டாமா? நான்கு வருடம் கழித்து, 2011இல், 'மெட்டல்ஸ்' ஆல்பத்தோடு வந்தார். துள்ளல் அடங்கிய, கனமான இசை. விளம்பரத்துக்கு வெட்டியெடுக்கப் பத்து நொடி தேறினால் அதிகம். அதற்குத்தான் 2012இல் கனடாவின் சிறந்த ஆல்பத்துக்கான போலாரிஸ் பரிசு கிடைத்தது. அங்கே நடுவர்கள் எத்தனை விற்றது என்று பார்ப்பதில்லை, நடுவர் அவர்களே. இசை எப்படி என்று மட்டும்தான் பார்க்கிறார்கள்.

எதிரணியில் அடுத்து வருபவரிடம் ஒரே ஒரு கேள்வி. ஐபாட் நானோவை ஆப்பிள் 2017இல் நிறுத்திவிட்டது. அதே வருடம் ஃபைஸ்ட் 'ப்ளெஷர்' வெளியிட்டார், 2023இல் 'மல்டிட்யூட்ஸ்'. காக்கை பறந்துபோன பிறகும் மரம் காய்க்கிறதே, எப்படி?