சிறு கப்பல், சிறு குழு: கரையில் கிடைக்கும் நேரத்தின் கணக்கு

காட்சி: மும்பை பல்லார்டு பியர். முனையத்தில் நிற்கும் பெரிய பயணிகள் கப்பல்.

வணக்கம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்கள் பல, இப்போது விடுமுறைக்குக் கப்பல் பயணம் போவதைப் பற்றி விசாரிக்கின்றன. அறையின் அளவையும் சைவச் சாப்பாட்டையும் தவறாமல் கேட்கிறோம். ஆனால் கப்பல் நிற்கும் ஊரில் எத்தனை பேரோடு இறங்குவோம், எவ்வளவு நேரம் கரையில் இருப்போம் என்று கேட்பவர்கள் குறைவு. சிறு கப்பலுக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்தக் கேள்விதான்.

காட்சி: எலிஃபண்டா குகை, மூன்று முகச் சிவன்.

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்கலாம். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் எலிஃபண்டா வந்துவிடும். 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்தக் குகையில், மூன்று முகச் சிவனின் முன்னால் பதினைந்து பேர் நின்றால் வழிகாட்டி குரலை உயர்த்தாமலே ஒவ்வொரு முகத்தையும் விளக்க முடியும். நாற்பத்தைந்து பேர் நின்றால் பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தூண்களும் பிறர் தலைகளும்தான் தெரியும்.

காட்சி: நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பல், கரைக்குச் செல்லும் டெண்டர் படகுகள்.

பெரிய கப்பல் அணைய முடியாத துறைகளில், அது தொலைவில் நங்கூரமிட்டு, டெண்டர் எனப்படும் படகுகளில் ஆட்களை அனுப்புகிறது. இரண்டாயிரம் பேர் டோக்கன் வாங்கி, முறை வரும்வரை காத்திருக்கும்போது காலை நேரம் கரைந்துவிடுகிறது.

சிறு கப்பலிலும் கணக்கு உண்டு. அன்டார்க்டிகாவில் அது மிகத் தெளிவாகத் தெரிகிறது. 1991-இல் தொடங்கப்பட்ட ஐயாட்டோ என்ற சுற்றுலா நடத்துநர் சங்கத்தின் விதிப்படி, ஓரிடத்தில் ஒரே நேரத்தில் நூறு பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் கப்பல் யாரையும் இறக்கவே கூடாது. ஆகவே தொண்ணூறு பேர் உள்ள கப்பலில் எல்லோரும் ஒன்றாக இறங்கலாம். நூற்றுத் தொண்ணூறு பேர் இருந்தால் ஒரு பாதி பென்குயின்களைப் பார்க்க, மறு பாதி சோடியாக் எனப்படும் ரப்பர் படகில் சுற்றிவிட்டு, பிறகு இடம் மாறும். விளம்பரத்தில் இரண்டும் ‘சிறு கப்பல்’ என்றே இருக்கும். ஆனால் கரையில் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது.

காட்சி: கலாபகோஸ், பாதையோரத்தில் கடல் உடும்புகள்.

கலாபகோஸ் தீவுகளில் ஈக்வடார் அரசு கப்பலுக்கு நூறு பயணிகள் என்று வரம்பு வைத்திருப்பதோடு, உரிமம் பெற்ற ஒரு வழிகாட்டிக்குப் பதினாறு பேர் என்றும் வகுத்திருக்கிறது. என் பார்வையில் இந்த இரண்டாவது எண்தான் முக்கியமானது. விதி எதுவும் இல்லாத ஊர்களில், எண்பது பேர் உள்ள கப்பல்கூட எல்லோரையும் இரண்டே பேருந்துகளில் ஏற்றி அனுப்பிவிடலாம்; அப்போது கப்பல் சிறியதாக இருந்து நமக்கு ஒரு பயனும் இல்லை. எனவே ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் விசாவையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். நார்வேயின் ஆர்க்டிக் தீவுக் கூட்டமான ஸ்வால்பார்ட், ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால், ஆஸ்லோ வழியாகப் போய்த் திரும்புபவர்களுக்கு இரு முறை நுழையும் விசாவாவது தேவை.

காட்சி: சோடியாக் படகிலிருந்து கணுக்கால் நீரில் இறங்கும் பயணிகள்.

வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். படகுத்துறை உள்ள இடத்தில் கால் நனையாமல் இறங்கலாம். ‘வெட் லேண்டிங்’ என்று குறிப்பிட்டிருந்தால், ஆடும் ரப்பர் படகின் விளிம்பில் அமர்ந்து, கால்களை வெளியே திருப்பி, நீருக்குள் இறங்கி நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது எளிதன்று. பயணத் திட்டத்தில் எந்தெந்த நாள் எவ்வகை இறக்கம் என்பதை முன்பணம் கட்டும் முன்பே முகவரிடம் கேளுங்கள். இறங்க முடியாத நாள்களில் படகிலேயே அமர்ந்து கரையோரமாகச் சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு உண்டா என்பதையும் அப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள்.