துணிக்கடையில் ஸ்டூல் இருக்கு, ஆனா உட்கார முடியாது! ஏன்?

(காட்சி: சேலம் கடைவீதி, சாயங்காலக் கூட்டம். கேமரா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் போய் நிற்கிறது. ஸ்டூலில் ஆள் இல்லை.)

வணக்கம் மக்களே. அடுத்த முறை துணிக்கடைக்குப் போகும்போது புடவையைப் பார்க்காதீர்கள், நாற்காலிகளை எண்ணுங்கள். கல்லாவில் ஒன்று இருக்கும். புடவைப் பிரிவில் நாலைந்து இருக்கும். அதில் யார் தெரியுமா? வீட்டுக்காரம்மா நாற்பதாவது புடவையைப் பிரிக்கச் சொல்லும்போது செல்போனில் கிரிக்கெட் பார்க்கிற வீட்டுக்காரர். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான், மறுக்கவில்லை. அந்த நாற்பதையும் எடுத்து, பிரித்து, மடித்து, மறுபடி அடுக்குகிற பெண் மட்டும் நின்றுகொண்டே இருப்பார்.

அவர் உட்காரலாம் என்று தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் பழைய சட்டம் ஒன்றைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், பாதி எழுதியதும் பேனாவை மூடிவிட்டார்கள். இந்த வீடியோவில் அந்த மீதிப் பாதியைத் தேடப் போகிறோம். லைக் போட்டுவிட்டு வாருங்கள்.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். 2021 செப்டம்பர் 6ஆம் தேதி, தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன் சட்டமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவந்தார். 1947ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22அ என்று ஒரு புதுப் பிரிவு. நிறைவேறியது. அவ்வளவுதான் பின்னணி.

அந்தப் பிரிவு மொத்தமே ஒரு வாக்கியம். கடையில் எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு கிடைத்தால் அதை அவர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்கிற நிலை வரக்கூடாது. இதுதான் சாரம். ஆங்கில மூலத்தில் கடைசிப் பகுதியை 'ஆன் தேர் டோஸ்' என்று எழுதியிருக்கிறார்கள், அதாவது நுனிக்காலில். படிக்கும்போது கடை ஊழியர்கள் எல்லாரும் பரதநாட்டியம் ஆடுவதுபோல எனக்கு ஒரு காட்சி வந்தது. நம் 'கால் கடுக்க' எவ்வளவோ மேல்.

இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, 'எல்லா ஊழியரும்'. மாடிக்கு ஒரு ஸ்டூல் போட்டுவிட்டு நானும் சட்டப்படி நடக்கிறேன் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, 'வாய்ப்பு'. இங்கேதான் சிக்கல்.

எங்கள் சின்னம்மா பதினொரு வருஷம் துணிக்கடையில் வேலை பார்த்தவர். எந்தக் கடை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். காலையில் ஒன்பதரைக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்கு வருவார். கோட்டை மாரியம்மன் திருவிழாவும் ஆடித் தள்ளுபடியும் ஒன்றாகச் சேர்ந்து வரும் பாருங்கள், அப்போது பத்தரை. வந்ததும் சுவரில் காலைத் தூக்கிவைத்துப் படுத்துக்கொண்டுதான் சாப்பாடு என்ன என்று கேட்பார். அவர் கடையில் ஸ்டூல் இருந்தது. "இருந்துச்சு கண்ணு, அதுமேல ஏறித்தான் மேல் ரேக்குல துணி எடுப்போம்" என்றார். கஸ்டமர் இல்லாத மத்தியான நேரத்திலாவது உட்காரலாமே என்றேன். "கஸ்டமர் இல்லாட்டி மடிக்கிற வேலை இருக்கும். மடிச்சு முடிச்சா வாசலைப் பார்த்து நிக்கணும். சும்மா நிக்கறதும் ஒரு வேலைதான்."

கேட்டீர்களா? சட்டம் வாய்ப்பு வந்தால் உட்காரு என்கிறது. வாய்ப்பு வந்ததா இல்லையா என்று முடிவு செய்கிறவர் ஃப்ளோர் சூப்பர்வைசர்.

சரி, இப்போது அந்தப் பழைய சட்டத்துக்கு வருவோம். 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 44. நின்றுகொண்டே வேலை செய்யவேண்டிய தொழிலாளர்கள் எல்லாருக்கும் தகுந்த இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவே வரும் ஓய்வு வாய்ப்புகளை அவர்கள் பயன்படுத்திக்கொள்ள. எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? பக்கத்து பெஞ்ச் பையனைப் பார்த்து எழுதினால் விடை இப்படித்தான் வரும். கடைச் சட்டம் 1947, தொழிற்சாலைச் சட்டம் 1948, ஒரு வருஷ வித்தியாசம். அதில் இருந்த நாற்காலி இதில் வந்து சேர 2021 ஆனது. சேலம் உருக்காலையில் வேலை பார்த்த அண்ணனுக்குச் சட்டத்தில் இருக்கை இருந்த காலம் முழுக்க, கடைவீதியில் வேலை பார்த்த தங்கைக்கு இல்லை.

பார்த்து எழுதியதில் எனக்குக் குறை இல்லை. பாதியில் நிறுத்தியதுதான் குறை. பிரிவு 44க்கு இரண்டாவது உட்பிரிவு ஒன்று இருந்தது. ஒரு குறிப்பிட்ட வேலையை உட்கார்ந்தபடியே நன்றாகச் செய்ய முடியும் என்று தலைமை ஆய்வாளர் கருதினால், அந்த வேலை செய்கிறவர்களுக்கு இன்ன தேதிக்குள் இருக்கை கொடு என்று எழுத்தில் உத்தரவு போடலாம். அதாவது இது உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையா என்ற கேள்விக்கு முதலாளியைத் தவிர இன்னொருவர் பதில் சொல்லலாம். கடைச் சட்டத்தின் 22அ-வில் அது வரவில்லை. என்னைக் கேட்டால், இந்த முழு விஷயத்திலும் பெரிய ஓட்டை இதுதான்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், அவசரம் இருப்பவர்கள் தள்ளிவிட்டுப் பாருங்கள்.

ஏற்காட்டில் வெள்ளைக்காரத் துரைமார் காப்பித் தோட்டம் நடத்திக்கொண்டிருந்த காலம், 1899. அவர்கள் ஊர் நாடாளுமன்றம் கடைப் பெண்களின் இருக்கைக்காகவே தனிச் சட்டம் போட்டது. கணக்கோடு போட்டது: கடையின் ஒவ்வொரு அறையிலும் மூன்று பெண் ஊழியருக்கு ஒரு இருக்கைக்குக் குறையக்கூடாது. எனக்கு இந்தக் கணக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. மூன்று பேர், ஒரு நாற்காலி! மியூசிக்கல் சேர் விளையாட்டைச் சட்டமாக்கிய மாதிரி. ஆண் ஊழியர்? அவருக்குக் கால் வலிக்காது என்று நினைத்தார்கள் போல. ஆனால் சிரித்துவிட்டு யோசித்துப் பாருங்கள். ஆய்வாளர் உள்ளே வந்தால் தலையை எண்ணுவார், நாற்காலியை எண்ணுவார், மூன்றால் வகுப்பார். வாதாட இடமில்லை. நம் சட்டத்தில் 'தகுந்த இருக்கை வசதி' என்று இருக்கிறது. ரேக்கில் ஏறுகிற ஸ்டூல் தகுந்ததா? குடோனில் கிடக்கும் பெஞ்ச் தகுந்ததா? இங்கே வகுத்தல் கணக்குக்கு வழியில்லை.

கலிபோர்னியாவில் இன்னொரு வழி. வேலையின் தன்மை இடம் கொடுத்தால் இருக்கை தரவேண்டும் என்று அங்கே விதி. ஒரு மருந்துக்கடைச் சங்கிலியின் கேஷியர் வழக்குப் போட, 2016இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஊழியரின் முழு நாளையும் மொத்தமாக வைத்துப் பார்க்காதே, பில் போடுகிற இடத்தில் அவர் செய்கிற வேலையைத் தனியாகப் பார். அதை உட்கார்ந்து செய்ய முடியுமா என்று கேள். முடியும் என்றால், தகுந்த இருக்கையே கிடையாது என்று நிரூபிக்கிற பொறுப்பு முதலாளியுடையது. ஆல்டி என்கிற ஜெர்மன் சூப்பர்மார்க்கெட்டில் கேஷியர்கள் உட்கார்ந்துதான் பில் போடுகிறார்கள். அவர்கள் வேகத்துக்குப் பை திறப்பதற்குள் பொருள் வந்து குவியும் என்று வாடிக்கையாளர்களே புலம்புகிறார்கள். உட்கார்ந்தால் சோம்பேறித்தனம் வரும் என்கிற முதலாளிகள் அங்கே ஒரு தடவை போய் வரலாம்.

இந்தியாவில் முதலில் செய்தது கேரளா, 2018இல். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்களுக்குக் கழிவறை வேண்டும் என்று ஆரம்பித்த 'பெண்கூட்டு' அமைப்பும், அதை நடத்திய விஜி என்கிற தையல் தொழிலாளியும் பல வருஷம் போராடியதன் பலன் அது. அதற்குத் தனி வீடியோ போடவேண்டும்.

மருத்துவம் ஒரு நிமிஷம். கெண்டைக்கால் தசை நடக்கும்போது சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். இரண்டாவது இதயம் என்றே அதைச் சொல்வார்கள். அசையாமல் நின்றால் அந்தப் பம்பு ஓடாது. ரத்தம் காலிலேயே தேங்கும், வீங்கும், நாளாக நாளாக நரம்பு சுருட்டிக்கொள்ளும். சின்னம்மாவின் காலைப் படம் எடுக்கக் கேட்டேன், ஓங்கி ஒன்று வைத்தார்.

முதலாளிகள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் திட்டு விழும். "கஸ்டமர் உள்ளே வரும்போது உட்கார்ந்திருந்தா மரியாதை இல்லைங்க. நம்ம பழக்கம் அப்படி." நிறையப் பேர் இதைச் சொல்கிறார்கள். எனக்கு இதில் ஒரு சந்தேகம். நம் பழைய ஜவுளிக்கடை எப்படி இருந்தது? மெத்தை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, கடைக்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். எதிரே கல்யாண வீட்டார் எட்டுப் பேர், பாட்டியிலிருந்து பேத்தி வரை. புடவை நடுவில் வந்து விழும். எல்லாரும் உட்கார்ந்துதான் வியாபாரம். அதில் யாருக்கு மரியாதை குறைந்தது? சில கடைகளின் பட்டுப் பிரிவில் இன்றைக்கும் அந்த மெத்தை உண்டு. கண்ணாடிக் கவுன்ட்டரும் ஷோரூமும் வந்த பிறகு வந்ததுதான் இந்த நிற்கிற மரியாதை. அதை நம் பாரம்பரியம் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

செலவு என்று சொன்னால் அதையும் ஒப்பமாட்டேன். ஒரு நல்ல பட்டுப்புடவை விற்கிற பணத்தில் ஒரு தளத்துக்கே ஸ்டூல் போடலாம்.

கடை வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். 2025 நவம்பர் 21 முதல், 29 மத்தியச் சட்டங்களை விழுங்கிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. தொழிற்சாலைகள் சட்டமும் அதில் ஐக்கியம். பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்கும் பொருந்தும். நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை அதன் நலவசதிப் பட்டியலிலும் இருக்கிறது. கூடவே நியமனக் கடிதம் கட்டாயம். வாய்வார்த்தையில் ஆள் எடுத்துப் பழகியவர்களுக்கு இனித் தலைவலி இதுதான், ஸ்டூல் இல்லை.

ஒரு வேடிக்கை பாருங்கள். இதே ஊரில், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் தலைகீழ். காலையில் தரையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை குனிந்தபடி பற்றவைப்பு வேலை. அவர்களுக்கு எழுந்து நிற்கிற உரிமை கேட்கவேண்டும். அதைப் பற்றி அடுத்த வீடியோ, அதனால் சப்ஸ்கிரைப் செய்துவிடுங்கள்.

(காட்சி: தட்டுவடை செட் கடை. தொகுப்பாளர் கையில் தட்டு.)

இந்த வீடியோவைப் பதிவேற்றும் முன்னால் சின்னம்மாவிடம் போட்டுக் காட்டினேன். 1899, கலிபோர்னியா எல்லாம் பேசாமல் பார்த்தார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். "இப்ப அந்த ஸ்டூலை எங்க போட்டிருக்காங்க கண்ணு? சிசிடிவில தெரியற எடத்துலயா, தெரியாத எடத்துலயா?"

கடையில் வேலை பார்க்கிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். ஊர் பேர் மட்டும் போதும், கடைப் பேர் வேண்டாம்.