காகத்தையும் எழுதுங்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன் நம்மில் பலருக்கும் முதுமலையும் வண்டலூரும் வேடந்தாங்கலும்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கெல்லாம் போவது நல்லதுதான். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை வண்டி ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வரும் காட்டுயிரைவிட, வீட்டு மாடியிலும் தெருமுனை வேப்பமரத்திலும் நாள்தோறும் கண்ணில் படும் உயிர்களே ஒரு குழந்தைக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும் என்பது என் துணிபு. அதற்கு ஏற்ற ஒரு வாய்ப்பு பொங்கல் விடுமுறையிலேயே அமைந்திருக்கிறது. 2015ஆம் ஆண்டு தொடங்கி, பொங்கலையொட்டி நான்கு நாட்கள் தமிழ்நாடெங்கும் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இதில் சேர்வதற்குக் கட்டணம் கிடையாது, வயது வரம்பு கிடையாது, முன் அனுபவமும் தேவையில்லை. வீட்டு வாசல், மொட்டை மாடி, கண்மாய்க்கரை, கோயில் குளம், பேருந்து நிலையம் என எந்த இடத்திலும் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளையும் குரலால் அடையாளம் தெரிந்த பறவைகளையும், ஒவ்வொன்றிலும் எத்தனை என்ற எண்ணிக்கையோடு எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அந்தப் பட்டியலை ‘இ-பேர்டு’ என்ற இணையத்தளத்திலோ அதன் கைபேசிச் செயலியிலோ பதிவேற்ற வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய இத்தளத்தில் உலகெங்கும் உள்ள பறவை ஆர்வலர்கள் தங்கள் பட்டியல்களைச் சேர்த்துவருகிறார்கள்.

பட்டியலைப் பதிவேற்றும்போது அந்தச் செயலி நம்மிடம் ஒரு கேள்வி கேட்கும்: நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதியிருக்கிறீர்களா? பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறும் இடம் இதுதான். முதன்முறையாகப் பறவை பார்க்க வருபவர்கள் மரங்கொத்தியைக் கண்டால் துள்ளிக்கொண்டு எழுதுகிறார்கள். காகத்தை எழுதுவதே இல்லை. ‘காக்காயெல்லாம் ஒரு பறவையா, சார்?’ என்று பெரியவர்களே கேட்பதுண்டு. ஆனால் இந்தப் பட்டியல்களை ஆராய்பவர்கள், ஓர் ஊரிலிருந்து நூறு பட்டியல்கள் வந்திருந்தால் அவற்றில் எத்தனை பட்டியல்களில் காகம் இடம்பெற்றிருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அந்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை வைத்தே ஒரு பறவையின் நிலையை அவர்கள் கணிக்கிறார்கள். ஆகவே, காகத்தைப் பார்த்தும் எழுதாமல் விட்டுவிட்டு ‘ஆம், எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்’ என்று பதில் அளித்தால், அந்த இடத்தில் காகமே இல்லை என்று நாம் சாட்சி சொன்னதாக ஆகிவிடும். இந்தச் சிறு நுணுக்கத்தை ஐந்தாம் வகுப்புக் குழந்தை உடனே புரிந்துகொள்கிறது. பெரியவர்களுக்குத்தான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிச் சாதாரண மக்கள் எழுதி அனுப்பிய பட்டியல்களிலிருந்து என்ன கிடைத்தது என்று நேயர்கள் கேட்கலாம். 2023இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் ஏறத்தாழ மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 பறவை இனங்களை மதிப்பிட்டது. அவற்றில் 178 இனங்களைப் பாதுகாப்பில் அதிக முன்னுரிமை தரப்பட வேண்டியவை என்று வகைப்படுத்தியது. மயிலும் குயிலும் மாடப்புறாவும் பெருகிவருகின்றன என்று சொன்ன அதே அறிக்கை, பனங்காடை குறைந்துவருகிறது என்பதையும் சுட்டிக்காட்டியது. வயல்வரப்பு மின்கம்பியில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்து, சட்டென்று பறக்கும்போது இறக்கையில் நீலத்தை விரித்துக் காட்டும் அந்தப் பறவையைப் பார்க்காமல் கிராமத்தில் வளர்ந்தவர்கள் இருக்க முடியாது. அது குறைந்துபோகும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்காததனால்தான் யாரும் அதை எண்ணவும் இல்லை. சிட்டுக்குருவியின் கதையோ நேர் எதிரானது. அது அழிந்தே போய்விட்டது என்றும் கைபேசிக் கோபுரங்களே அதற்குக் காரணம் என்றும் ஊரெல்லாம் பேச்சு. 2020இல் வந்த இதன் முந்தைய அறிக்கையோ, பெருநகரங்களில் சிட்டுக்குருவி குறைந்திருந்தாலும் நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அதன் எண்ணிக்கை ஓரளவு நிலையாகவே இருக்கிறது என்று தெரிவித்தது. கோபுரக் கதைக்கு உறுதியான சான்றும் இல்லை. பள்ளி விழாக்களில் அந்தக் கதையை இன்னமும் மாணவர்களை ஒப்பிக்க வைக்கிறார்கள் என்பது எனக்குள்ள ஒரு மனக்குறை.

இனி, குழந்தைகளோடு இதை எப்படிச் செய்வது என்பதற்கு வருவோம். முதல் நாளிலேயே முப்பது பறவைகளின் பெயரைச் சொல்லிக்கொடுக்க முற்படாதீர்கள். ஒரே ஒரு பறவையின் முன் பத்து நிமிடம் நிற்க வையுங்கள். மடையான் அதற்கு மிகவும் பொருத்தமானது. கிராமங்களில் குருட்டுக் கொக்கு என்பார்கள். வாய்க்கால் ஓரத்தில், கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, சேற்று நிறத்தில், மார்பெல்லாம் பழுப்புக் கோடுகளோடு அது அசையாமல் நிற்கும். தை மாதத்தில் அதன் தோற்றம் இதுதான். பக்கத்தில் நிற்கும் நமக்கே அது கண்ணில் படாது. திடீரென்று கழுத்து நீளும், அலகு தண்ணீரைத் தொடும், ஒரு சிறு மீனோ தவளையோ உள்ளே போகும், கழுத்து மறுபடியும் சுருங்கிவிடும். நாம் இன்னும் நெருங்கினால் கிளம்பிப் பறக்கும். அப்போது பார்த்தால் இறக்கை முழுவதும் தூய வெள்ளை. ‘பழுப்புப் பறவை எங்கே போச்சு? இந்த வெள்ளைக் கொக்கு எங்கேயிருந்து வந்தது?’ என்று கேட்காத குழந்தை இல்லை. அந்தக் கேள்விக்கு நீங்களே விடை சொல்லிவிடாதீர்கள். அது மறுபடியும் இறங்கி இறக்கையை மடக்கும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். விடையைக் குழந்தையே கண்டுபிடித்துவிடும்.

எண்ணுவதிலும் சில முறைகள் உண்டு. ஒரே மைனா மூன்று முறை பறந்து வந்தால் அது மூன்று மைனா ஆகாது. ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிக எண்ணிக்கையையே எழுத வேண்டும். கூட்டமாகப் பறக்கும் கொக்குகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதல் பத்தை எண்ணி, அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, கூட்டம் முழுவதையும் பத்துப் பத்தாக அளந்துகொண்டே போக வேண்டும். பெருக்கல் வாய்ப்பாட்டைக் கண்டால் ஓடும் பிள்ளைகள்கூட இந்தக் கணக்கை விரும்பிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

வானொலி நேயர்களிடம் கண்ணைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவது முறையாகாது. காதும் பறவை பார்க்கும் உறுப்புதான். உச்சிவெயிலில் எங்கோ தூரத்தில் செம்பு தட்டுவதுபோல் ஒரே சீராக ‘டொக், டொக்’ என்று ஒலித்துக்கொண்டே இருப்பது செம்மார்புக் குக்குறுவான். புதருக்குள்ளிருந்து அடிவயிற்றிலிருந்து எழுவதுபோல் ‘ஊப், ஊப்’ என்று கூப்பிடுவது செண்பகம். ஆற்றங்கரைப் பொட்டலில் யாராவது நடந்தால் இரவென்றும் பாராமல் கத்தி ஊரைக் கூட்டுவது ஆட்காட்டி. இந்தக் குரல்களையெல்லாம் அடையாளம் காண்பதில் வீட்டிலுள்ள தாத்தா பாட்டிகளுக்கு நிகராக எவரும் இல்லை. நடுவயதுப் பெற்றோர் செயலியில் தேடிக்கொண்டிருக்கும்போதே, ‘அது செம்போத்துடா, சகுனம் நல்லதுதான்’ என்று திண்ணையிலிருந்து விடை வந்துவிடும். பட்டியல் எழுதும் வேலையைப் பேரனிடமும் பெயர் சொல்லும் வேலையைப் பாட்டியிடமும் விட்டுவிட்டுப் பெற்றோர் வெறுமனே உடன் நிற்பதே நல்லது. குறிப்பாக, பெரிய லென்ஸ் பொருத்திய கேமராவோடு வரும் தந்தையர் அதை அன்று ஒரு நாள் வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படம் எடுக்கப் பறவையை நெருங்குபவர் அதை மற்ற எல்லோருக்கும் இல்லாமல் பறக்கவிட்டுவிடுகிறார்.

பொங்கல் நேரம் வலசைப் பறவைகள் இங்கே தங்கியிருக்கும் காலம் என்பதும் ஒரு வசதி. மின்கம்பிகளில் வரிசையாக அமரும் தகைவிலான், வேலி முள்ளின் நுனியில் தனியாகக் காவல் இருக்கும் பழுப்புக் கீச்சான், மத்திய ஆசியாவிலிருந்து கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும் சோளக்குருவி ஆகியவற்றை உள்ளூர்ப் பறவைகளோடு சேர்த்தே பார்த்துவிடலாம்.

ஊரே கூடிப் பறவையைக் காப்பது நமக்குப் புதிதும் அல்ல. வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுடுவதைத் தடுக்கும் உரிமையை அவ்வூர் மக்கள் 1798இல் அன்றைய செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்துமூலமாகவே பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டியுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் அஞ்சக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்பு வழங்கிப் பாராட்டுகிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பறவையைப் பற்றித் தனியாக வகுப்பு எடுக்க வேண்டிய தேவை இருக்காது என்று நினைக்கிறேன்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். கூட்டைக் கண்டால் அருகில் போகாதீர்கள். அதன் இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைப்பது, தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டதாக அதை ஏமாற்றுவதாகும். அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டவே வேண்டாம். நீர்நிலைக்குப் போனால் கரையோடு நின்றுகொள்ளுங்கள்.

பைனாகுலர் இல்லையே என்று தயங்க வேண்டாம். வெறுங்கண்ணுக்கே வீட்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து இனங்கள் கிடைக்கும். கைபேசி இல்லாதவர்கள் நோட்டுப் புத்தகத்தில் இடம், தேதி, தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம் என்பவற்றை மேலே குறித்துவிட்டுக் கீழே பறவைகளை எழுதி வைத்திருந்தால் போதும். பள்ளி ஆசிரியரோ பக்கத்து வீட்டு இளைஞரோ பிறகு பதிவேற்றித் தரலாம். அந்தத் தளம் பழைய தேதியிட்ட பட்டியல்களையும் ஏற்றுக்கொள்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர் யாரேனும் இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் தேதி போட்டுப் பறவைக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தால், இந்த விடுமுறையில் பரணிலிருந்து அந்த நோட்டையும் இறக்கிவிடுங்கள். நன்றி, வணக்கம்.