கேபிளைத் தட்டிய துடுப்பு

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

வருஷக்கணக்காக ஒலிப்பதிவுக் கூடத்திலேயே காலம் கழித்தவன் நான். ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால் கண்ணில் நிற்பதைவிடக் காதில் நிற்பதுதான் எனக்கு அதிகம். இன்றைக்கு ‘ஜாஸ் 2’ பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1978 ஜூன் மாதம் அமெரிக்காவில் வெளியான படம். “ஓ, அந்தச் சுறாப் படமா!” என்பீர்கள். உங்கள் நினைவுக்கு வருவது அநேகமாக 1975-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த முதல் படம். நான் சொல்வது அதன் தம்பி. பேர்பெற்ற அண்ணனுக்குப் பின்னால் பிறந்துவிட்ட தம்பிக்காகக் கொஞ்சம் வாதாட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

அண்ணனைச் சொல்லாமல் தம்பியைச் சொல்ல முடியாது. முதல் படத்துக்கு ஓர் இயந்திரச் சுறாவைச் செய்து, மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் உள்ள மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்குக் கொண்டுபோனார்கள். உப்புத் தண்ணீர் பட்டதும் அது மக்கர் பண்ண ஆரம்பித்தது. 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. சுறா ஓடவில்லை, எனவே சுறாவைக் காட்டவும் முடியவில்லை. பிறகு எதை வைத்துப் பயமுறுத்துவது? சத்தத்தை வைத்து! ஜான் வில்லியம்ஸ் இரண்டே சுரம் போட்டார். நம் சட்ஜமும் சுத்த ரிஷபமும் மாதிரி, ஒட்டி ஒட்டி நிற்கிற இரண்டு சுரம். கீழ் ஸ்தாயியில் மெதுவாக ஆரம்பித்து, வேகம் கூடிக்கொண்டே வரும். அந்த இரண்டு சுரம்தான் சுறா. இதில் ஒரு நேர்மையும் உண்டு. இரண்டு பையன்கள் சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி அட்டையில் செய்து கடலில் விளையாட்டுக் காட்டுகிற இடம் வருகிறதே, அங்கே அந்த இசை வராது. நிஜச் சுறா வந்தால்தான் வரும். காதை நம்பலாம் என்று படமே நமக்குச் சொல்லிக்கொடுக்கிறது. இசைக்கு ஆஸ்கார் கிடைத்தது, ஒலிக்கும் கிடைத்தது. அந்த ஒலி விருதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

இப்போது தம்பியின் சங்கடத்தைப் பாருங்கள். டிக்கெட் வாங்கும்போதே சுறா வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அது எப்படி இருக்கும் என்பதும் தெரியும். இனி ஒளித்துவைத்து என்ன பயன்? இதற்குள் முதலில் போட்ட இயக்குநரைப் படப்பிடிப்பு நடக்கும்போதே மாற்றிவிட்டார்கள். வந்து சேர்ந்தவர் ழானோ ஸ்வார்க், பிரெஞ்சுக்காரர். சுறாவைத்தான் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டதே, தாராளமாகவே காட்டுவோம் என்று அவர் முடிவெடுத்தார். விமர்சகர்கள் இதைத்தான் குறை சொன்னார்கள். எனக்கும் அந்தக் குறை உண்டு, மறைக்க மாட்டேன். சுறா ஹெலிகாப்டரையே இழுக்கிற காட்சியில் எனக்குப் பயம் வரவில்லை.

ஆனால் பயம் வேறோர் இடத்துக்கு மாறியிருக்கிறது. சுறாவிடமிருந்து மனிதரிடம் போயிருக்கிறது. ராய் ஷைடர் நடித்த போலீஸ் தலைவர் பிராடி, முதல் படத்தில் பிழைத்து வந்தவர். கூட வந்த கேப்டன் செத்துப்போனார். இன்னொரு கூட்டாளி, விஞ்ஞானி, போன் போட்டால் அன்டார்க்டிகா பக்கம் கப்பலில் இருக்கிறார். ஆக, சுறாவைப் பற்றித் தெரிந்தவர் ஊரில் இவர் ஒருவர்தான்.

கடற்கரைக் காட்சியைச் சொல்கிறேன், நேரம் ஆனாலும் பரவாயில்லை. மணலில் உயரமான காவல் கோபுரம். பிராடி அதன் மேல் உட்கார்ந்திருக்கிறார். கீழே குடும்பம் குடும்பமாக ஜனங்கள் குளிக்கிறார்கள். தண்ணீருக்கடியில் கருப்பாக ஒரு நிழல் நகர்கிறது. அவ்வளவுதான். மணியடிக்கிறார், கத்துகிறார், ஓடிவந்து துப்பாக்கியை எடுத்துக் கடலைச் சுடுகிறார். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனம் சிதறி ஓடுகிறது. பார்த்தால் அது வெறும் மீன் கூட்டம். எல்லோரும் அவரையே பார்க்கிறார்கள். அவர் மணலில் கிடக்கிற தோட்டாக் கூடுகளைப் பொறுக்குகிறார். நேயர்களே, ஒரு தடவை அடிபட்டவர்களுக்கு இது தெரியும். வீட்டில் ஒருவருக்கு மாரடைப்பு வந்து பிழைத்திருந்தால், அப்புறம் ராத்திரி ஒரு இருமல் சத்தம் கேட்டால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவோம். இல்லையா? அந்த இருமல்தான் அந்த மீன் கூட்டம்.

அப்புறம் ஒரு புகைப்படம் கிடைக்கிறது. மூழ்கிப்போன முக்குளிப்பவர்களின் கேமராவில் இருந்த படம். பிராடி அதில் சுறாவைப் பார்க்கிறார், ஊர்ச் சபைக்கு ஒன்றும் தெரியவில்லை. வேலையை விட்டு எடுத்துவிடுகிறார்கள். திரும்பவும் சொல்கிறேன், இந்தப் படத்தின் பயம் சுறா இல்லை. தனக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குத் தெரியவைக்க முடியாத தவிப்பு.

அதனால்தான் கடைசிக் காட்சி என் காதில் இப்படி நிற்கிறது. பாய்மரப் படகுகளில் போன பிள்ளைகள் நடுக்கடலில் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் பிராடியின் மகன்களும் இருக்கிறார்கள். தண்ணீரென்றாலே பயப்படுகிற மனிதர் ஒரு ரப்பர் படகில் உட்கார்ந்து, கடலடியில் போகிற மின்சாரக் கேபிளை மேலே இழுத்துவைத்து, துடுப்பால் அதைத் தட்டுகிறார். டொம், டொம், டொம். தாழ்ந்த ஒலி சுறாவுக்கு நன்றாகக் கேட்கும். முதல் படத்தில் அது வருகிறதென்று இசை நமக்குச் சொன்னது. இங்கே ஒரு மனிதர் தானே சத்தம் எழுப்பி அதைக் கூப்பிடுகிறார். வந்து கேபிளைக் கடிக்கிறது, முடிந்துபோகிறது.

இதற்குப் பிறகு 1983-இலும் 1987-இலும் இன்னும் இரண்டு பாகங்கள்... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நண்பர் கை காட்டுகிறார், அதை விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லவே வேண்டும். மூல நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி பின்னாளில் சுறாக்களைக் காப்பாற்றுவதற்காகவே பேசி வந்தார். அப்படியொரு நாவலை இப்போது என்னால் எழுத முடியாது என்றும் சொன்னார். வெள்ளைச் சுறா வணிகத்துக்கு 2004-இல் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தது. 2006-இல் அவர் காலமானார். இதைத்தான் விரிவாகப் பேச வந்தேன், கடற்கரையிலேயே நின்றுவிட்டேன். வணக்கம்.