அமுக்கும் முன் பாதத்தைப் பாருங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். ஆம்பூரின் காலணித் தொழிற்சாலையில் பகலெல்லாம் நின்று உழைத்த பெண்ணுக்கு, இரவில் யாராவது பாதத்தை அமுக்கி விட்டால் தோள்வரை இதம் பரவும். இந்த இதத்தை ஒரு முறையாக வகுத்ததுதான் ரிஃப்ளெக்ஸாலஜி என்னும் பாத அழுத்தச் சிகிச்சை.

எகிப்தின் சக்காராவில், 4000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அங்க்மாஹோர் கல்லறைச் சுவரில், ஒருவரின் கைகால்களை மற்றவர் பற்றியிருக்கும் சித்திரத்தை இதன் தொடக்கமாகப் பலர் காட்டுவார்கள். ஆயுர்வேதத்திலும் பாதத்துக்கு எண்ணெய் தேய்க்கும் பாதாப்யங்கம் உண்டு. ஆனால் இன்றைய வடிவத்துக்கு அடித்தளமிட்டவர் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட். உடலை நெடுக்காக 10 மண்டலங்களாகப் பிரித்த அவருடைய கருத்து 1917இல் நூலாக வந்தது. 1930களில் யூனிஸ் இங்காம் என்ற அம்மையார் அதைப் பாதத்துக்குக் கொண்டுவந்து, பெருவிரல் தலைக்கு, உள்வளைவு முதுகெலும்புக்கு என்று இடங்களைக் குறித்தார்.

ஈரலுக்குரிய இடத்தை அழுத்தினால் ஈரல் நோய் தீரும் என்பதற்குச் சான்று இல்லை. அப்படிச் சொல்பவரை நம்ப வேண்டாம். மன இறுக்கம் தளர்வதும், நல்ல உறக்கம் வருவதும், ஒருவர் நம்மைப் பொறுமையாகக் கவனிக்கிறார் என்ற ஆறுதலும் இதில் கிடைக்கும் நன்மைகள். உடலையும் மனத்தையும் சேர்த்துப் பார்க்கும் சிகிச்சை என்று இதை நான் மதிப்பது அதனால்தான்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து என்னிடம் பாத அழுத்தச் சிகிச்சைக்கு வந்த பெரியம்மா ஒருவர், "கால் மதமதன்னு இருக்குதும்மா, நல்லா அழுத்திப் பிடிச்சி விடு" என்றார். எண்ணெயைத் தொடுமுன் பாதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். குதிகாலுக்குச் சற்று முன்னே, சீமைக் கருவேல முள் ஒடிந்து உள்ளே தங்கி, சுற்றிலும் சீழ் கோத்திருந்தது. அவருக்கு வலியே இல்லை. பல வருடச் சர்க்கரை நோய் உணர்ச்சியை எடுத்துவிட்டிருந்தது. அழுத்தாமல் மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தேன். நம் வேலூருக்கு இது புதிய பாடமன்று. 1946இல் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் அழிவதற்குப் பெருங்காரணம், வலி தெரியாததால் காயத்தின்மேல் தொடர்ந்து நடப்பதே என்று எடுத்துக்காட்டினார். எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பு இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் தரப்படுவது அதே காரணத்தால்தான். ஆகவே மீண்டும் சொல்கிறேன்: அமுக்கும் முன் பாதத்தைப் பாருங்கள், விரலிடுக்கையும் விரித்துப் பாருங்கள்.

கைகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. பீடி சுற்றும் சகோதரிகள் வேலைக்கு நடுவே ஒரு கையின் கட்டை விரலால் மறு உள்ளங்கையை மெதுவாக அழுத்திக்கொள்ளலாம். கர்ப்பிணிகளும், கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பாத அழுத்தம் செய்துகொள்ள வேண்டாம். நன்றி, வணக்கம்.